நாற்காலிப் பரீட்சை

"அழாதீங்கம்மா. முதல்ல உக்காருங்க. விஷயம் என்னன்னு நிதானமா சொல்லுங்க."

தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்த லோகநாதன் குரலை உயர்த்தாமல் சொன்னார். எதிரே நின்ற பெண் உட்காரவில்லை.

"உக்கார நேரமில்ல சார். எட்டாங்கிளாஸ் தேசராணி எம்பொண்ணு. அத எங்கூட அனுப்புங்க. அவ நைனா சாவக் கெடக்குறாரு."

"என்னாச்சு?"

"முகத்துவாரத்தாண்ட படவு கவுந்துடுச்சி. கரைல இட்டாந்து போட்டுகீறாங்க. கண்ணு தெறந்தா பொண்ணு பேரத்தான் சொல்றாரு."

லோகநாதனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கம்மா என்று வாய்வரை வந்துவிட்டது. மூலையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த வீரராகவனைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

ஏனென்றால் லோகநாதன் தலைமையாசிரியரே அல்ல, கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு நடந்த பயிற்சி முகாமின் கடைசி நாள் அது. வீரராகவன்தான் பயிற்சி அதிகாரி. பழவேற்காடு சாலையில் இருந்த அந்தப் பள்ளியின் நிஜத் தலைமையாசிரியர், தம் அறையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

பரீட்சை இதுதான். பெற்றோர் வேஷத்தில் ஒருவர் வந்து விதிக்குப் புறம்பாக ஏதாவது கேட்பார். கோபப்படாமலும் இளகிவிடாமலும் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். தெரிந்த முகமாக இருந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று வெளியூர் ஆசிரியர்களை வரவழைத்திருந்தார்கள். அவர்களை வீரராகவனுக்கே அடையாளம் தெரியாது. "எட்மாஸ்டர்னு கேட்டு யார் வந்தாலும் உள்ள விடு" என்று பியூன் சின்னராசுவுக்கு உத்தரவு.

காலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்த பச்சையப்பன், அழுத 'அப்பா'வைப் பார்த்து மனமிரங்கிப் 'பிள்ளை'யை அனுப்பிவிட்டார். "புள்ளய கடத்தறவன்கூடத்தான்யா அழுவான்" என்று சொல்லி வீரராகவன் அவரை ஃபெயிலாக்கினார். லோகநாதனுக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. கோட்டை விட்டால் ரிட்டயராகும்வரை சாக்பீஸ்தான்.

அதனால் முகாமில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எடுத்துவிட்டார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஸ்கூல்ல சேக்கறப்ப கையெழுத்துப் போட்டவங்க வந்தாத்தான் பொண்ணை நடுவுல அனுப்ப முடியும். யார் போட்டது?"

"அவ நைனாதான்."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க."

அவள் அவரையே பார்த்தாள். "அவருதான் சார் சாவக் கெடக்குறாரு."

எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று லோகநாதன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். புடவை முழங்கால்வரை நனைந்து சேறு அப்பியிருந்தது. முன்கையில் மீன் செதிள்கூட ஒட்டியிருந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பேச்சுக்கு நடுவே மார்க் போடுகிறவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. என் கையில எதுவுமில்ல. சாயங்காலம் மணி அடிச்சதும் நேரா வீட்டுக்குப் போகச் சொல்றேன்."

"சாய்ங்காலம் வரைக்கும் தாங்காது சார். நான் யாருன்னு தெரியலன்னா பொண்ணக் கூப்ட்டுக் கேளுங்க. அதுவே சொல்லும்."

லோகநாதன் சுதாரித்துக்கொண்டார். இல்லாத பெண்ணை எந்த வகுப்பிலிருந்து கூப்பிடுவது? வழுக்கிவிடத்தான் இப்படிக் கேட்கிறாள் என்று தோன்றியது.

"பாடம் நடக்கறப்ப கூப்பிட முடியாதும்மா. மன்னிச்சிடுங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கும் அவர் அசையவில்லை. ஜன்னல் வழியாக வகுப்புகள் இருந்த பக்கம் பார்த்தாள். வரிசையாக இருந்த அத்தனை அறைகளில் எது தன் மகள் இருக்கிற அறை என்று அவளுக்குத் தெரியவில்லை. நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தாள்.

"இங்கயே நின்னுகினு இருந்தா அங்க அவரு பக்கத்துல நானும் இல்லாம பூடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி வெளியே ஓடினாள்.

வீரராகவன் எழுந்து வந்து லோகநாதனின் கையைக் குலுக்கினார். "குரலும் ஏறல, மனசும் எறங்கல. நிர்வாகம்னா இதுதான்யா. உங்களுக்கு நாற்காலி நிச்சயம்."

லோகநாதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. "அந்த டீச்சரை ஒரு நிமிஷம் கூப்பிடச் சொல்லுங்க சார். ஒரு டீயாவது வாங்கித் தரணும். எனக்கே அழுகை வந்துடுச்சு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான் என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். மூக்குக்கண்ணாடி போட்ட வேறொரு பெண், வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கையிலிருந்த வயர் கூடையில் ஒரு கிழிசல் புடவையை மடித்து வைத்திருந்தாள்.

"மன்னிக்கணும் சார், கும்மிடிப்பூண்டி பஸ்ஸு வழியிலேயே நின்னுடுச்சு. அழுவுற அம்மா வேஷத்துக்கு நான்தான் வந்திருக்கேன்."