நீலக் கோடு

விடுதிக் காப்பாளரின் மேசைமேல் பாதி காலியான பிராந்திப் பாட்டில் ஒன்று இருந்தது. எதிரே இரண்டாமாண்டு மாணவன் தலைகுனிந்து நின்றான். அவசரமாக வரவழைக்கப்பட்ட தந்தை, நாற்காலியில் உட்காரவும் மறந்து அவனையே வெறித்தார்.

"வீட்டுக்குப் போயிட்டு இன்னைக்குக் காலையிலதான் வந்தான். வாசல்ல பையைச் சோதிச்சப்ப இது இருந்துச்சு. விடுதியை விட்டு அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல" என்றார் காப்பாளர்.

"வர்ற வழியிலேயே வாங்கிக் குடிச்சியாடா? மானத்தைக் கப்பலேத்திட்டியே! யார்கிட்டடா கத்துக்கிட்ட இந்தப் பழக்கத்த?"



"எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு நீங்களே பாருங்க" என்று காப்பாளர் பாட்டிலைத் திருப்பி வைத்தார்.

லேபிளின் குறுக்கே பேனாவால் இழுத்த நீலக் கோடு தெரிந்தது. மது அந்தக் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. தந்தை குனிந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார்.

"இவன் குடிக்கல, சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இது என் பாட்டில். இவங்கம்மா கொட்டினா தெரியணும்னு நான்தான் கோடு போட்டு வைப்பேன்." அவர் மகன் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா எடுத்துட்டு வந்த?"

மகன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"கோடு இறங்கினா அம்மாவுக்கு அடி விழும். நான் கிளம்பினப்போ பாட்டிலே காணோம்னா கோபம் என் மேலதானே வரும், அப்பா?"