நீலக் கிறுக்கலுக்கு அடியில்

"அந்தப் பழைய கேமராவை இன்னிக்கே பிரிச்சிடுங்க" என்றாள் தோவா.

வின் தன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். அகச்சிவப்புக் கேமராவாக மாற்றுகிறேன் என்று அவன் ஒரு வருஷமாகக் கெஞ்ச, நல்ல பொருளைக் கெடுக்காதீங்க என்று தடுத்தவளே இன்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

காரணம், நேற்றைய காலண்டர் தாள்.

பேரன் பிறந்ததிலிருந்து தோவாவின் மாமியார் அன்றன்றைய தாளில் பென்சிலால் ஏதாவது எழுதிவைப்பாள். நேற்று, பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த நாள், 'மருமகள்' என்று தொடங்கிய வரியை மட்டும், அதற்குமேல் படிக்க முடியாதபடி, நீலப் பேனாவால் கிறுக்கி மூடியிருந்தாள்.

மாமியார் பிள்ளையைப் பன்றிக்குட்டி, அவலட்சணம் என்றுதான் கொஞ்சுவாள். அழகு என்றால் பேய் கேட்டுத் தூக்கிப் போய்விடுமாம். தோவா அதைக் கேட்டுச் சிரிப்பாள். இந்தக் கிறுக்கலுக்குச் சிரிப்பு வரவில்லை. பால் போதவில்லையோ என்று அவளே ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறாள்.

"நல்லதா எழுதியிருந்தா எதுக்கு அடிக்கணும்? வளர்க்கத் தெரியாதவள்னு எழுதியிருந்தா, பிள்ளையைத் தூக்கிட்டு சாடெக்குக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள்.

அகச்சிவப்பில் பேனா மை மறையும், பென்சில் மறையாது என்று என்றோ பீற்றிக்கொண்டவன் அவன்தான். வசமாக மாட்டினான்.

மாமியார் சந்தைக்குப் போனதும் பிரித்தான். ஃப்ளாஷில் ஒருமுறை ஷாக் வாங்கினான். கவனமாப் பண்ணுங்க, கேமராவுக்கு ஏதாவது ஆயிடப் போகுது என்றாள் அவள். உள்ளே சென்சார்மேல் அகச்சிவப்பைத் தடுத்துக்கொண்டிருந்த நீலக்கண்ணாடியை எடுத்துவிட்டு, வெறும் கண்ணாடி வைத்து மூடினான். சாதாரண வெளிச்சத்தை மறைக்க லென்ஸ்மேல் கறுப்பு ஃபிலிம் துண்டை ஒட்டினான்.

ஜன்னல் வெயிலில் தாளை விரித்துப் படமெடுத்தான்.

திரையில் வெளியே நின்ற வாழை பாலாக வெளுத்திருந்தது. தாளில் கிறுக்கலைக் காணோம். பென்சில் எழுத்து மட்டும் நின்றது:

'மருமகளுக்குப் பால் குறைவில்லை. பிள்ளை ஒரு கிலோ கூடிவிட்டான். கெட்டிக்காரி.'

தோவா அவன் தோளுக்குப் பின்னால் மெல்ல ஒதுங்கிக்கொண்டாள்.

"பேய் படிச்சிடும்னு அடிச்சிருக்காங்க எங்கம்மா" என்றான் வின். "சாடெக்குக்கு எப்போ பஸ்? நானும் வரட்டா?"

அவள் கேமராவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏய், எதுக்கு? பேயெல்லாம் சுத்தப் பொய்னு சொன்னவதானே நீ?"

"பொய்தான். அழிக்கிற பட்டன் எதுன்னு சொல்லுங்க, சீக்கிரம்."