பாதியில் எழுந்தவள்

"எழுந்திரு" என்றாள் அம்மா.

பிரசங்கம் பாதிதான் ஆகியிருந்தது. மகள் தயங்கினாள். அவளுடைய இடது கையில் மாவுக்கட்டு. வலது கையைப் பிடித்து எழுப்பி, சபை மொத்தமும் பார்க்க, நடுப்பாதை வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள் அம்மா.

மேடையில் பாஸ்டர் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"சத்தியம் சிலருக்குக் கசக்கும். மறுபடியும் சொல்றேன். புருஷன் கோபத்துல கை நீட்டினான்னு வீட்டை விட்டு வந்தவ, தேவனையே விட்டு வந்தவ."

பாதிச் சபை "ஆமென்" என்றது. மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

மைக் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் எலக்ட்ரீஷியன். சபையில் ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு.

ஆராதனை முடிந்ததும் வாசலில் இரண்டு கட்சி.

"பாஸ்டர் சொன்னதுல என்ன தப்பு?"

"அந்தப் பொண்ணு கையைப் பாத்துக்கிட்டேவா இப்படிப் பேசுவார்?"

அப்பா யாரிடமும் நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"என் மானத்தை வாங்கிட்டியே. பாஸ்டர் முகத்துல இனிமே எப்படி முழிப்பேன்?"

"நம்ம வீட்டு விஷயத்தை அவர்கிட்ட யாரு சொன்னது?"

அப்பாவின் குரல் இறங்கியது. "நான்தான். ஜெபம் பண்ணுவார்னு சொன்னேன்."

"நல்லாப் பண்ணினார். பேரை மட்டும்தான் சொல்லலை, மிச்சத்தை எல்லாம் மைக்ல சொல்லிட்டார். கடைசி வரிசைக்குக் கேக்கணுமேன்னு நீங்களும் சத்தத்தைக் கூட்டி வச்சிருப்பீங்க."

"குடும்பம்னா முன்னே பின்னே இருக்கும். மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். சாயங்காலம் நானே கொண்டு போய் விடறேன்."

"எலும்பை உடைச்சிருக்கான்ங்க."

"அதான் இனிமே கோபப்பட மாட்டேன்னு சொல்றாரே."

மகள் ஒற்றைக் கையால் துணிகளைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். அம்மா பிடுங்கிக் கீழே போட்டாள். மகள் குனிந்து மறுபடியும் எடுத்தாள்.

"விடும்மா. என்னால நீங்க ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்கணும்?"

அழைப்பு மணி அடித்தது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாஸ்டரின் மனைவி.

"பாத்தியா, அவரே மனசு கேக்காம பாஸ்டரம்மாவை அனுப்பியிருக்கார். ஒழுங்கா மன்னிப்புக் கேளு."

கதவைத் திறந்தார். பாஸ்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற அம்மாவைத்தான் பார்த்தார்.

"நீங்க எழுந்து போனப்ப எனக்கும் கூடவே வந்துடணும்னு இருந்துச்சுக்கா. முன் வரிசையில உக்காந்திருந்தேன். கால் எழும்பலை."

வெயிலோ குளிரோ, அவர் எப்போதும் முழுக்கை ரவிக்கைதான் போடுவார். என்ன அடக்கம் என்று சபையே மெச்சும். இப்போது அந்தக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினார். பழைய தழும்புகள். அவற்றின் மேல், நேற்றோ முந்தாநாளோ பட்ட கன்றிய காயம்.

"வேற எந்த வீட்டுக் கதவைத் தட்டறதுன்னு தெரியலை. கொஞ்ச நாள் இங்க இருந்துக்கலாமா?"

அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனாள். மகள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

அப்பா கதவருகிலேயே நின்றிருந்தார். செல்போன் அடித்தது. பாஸ்டர்.

"பிரதர், என் வீட்டுக்காரி உங்க தெருப்பக்கம் வந்ததா சொன்னாங்க. அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை. நீங்களே கொண்டு வந்து விட்டுடுங்க."

அப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார். மாவுக்கட்டுப் போட்ட கையும் கன்றிப்போன கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"இந்த வீட்டுல இருந்து யாரையும், எங்கயும் கொண்டு வந்து விடறதா இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.