பின்பாரம்

ஃபோர்க்லிஃப்ட் உரிமத்தைப் புதுப்பிக்கும் சோதனை. தவறினால் நாளை வேலை இல்லை என்று ஞானதுரைக்குத் தெரியும். இரும்புப் பெட்டியைத் தூக்கியதும் வண்டியின் பின்சக்கரங்கள் எழும்பின. கிடங்குப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பின்னால ஏறுங்கடா!"

வரிசையில் காத்திருந்த இருவர் ஓடிவந்து பின்பக்கம் ஏறி நின்றார்கள். சக்கரங்கள் தரையைத் தொட்டன. பெட்டி தலைக்கு மேல் போனது.

"பாரம் கூடுனா தூக்கவே கூடாதுய்யா! இதுகூடவா தெரியாது?" என்று கத்தினார் தேர்வாளர். "மொதல்ல அவங்கள இறங்கச் சொல்லு."

"இறங்குனா கவுந்துடும் சார்."

"அண்ணே, காலுக்கடியில ஆடுதுண்ணே," என்றான் பின்னால் நின்றவன்.

தேர்வாளர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த மதிப்பெண் தாளைத் தரையில் வைத்தார். ஓசையில்லாமல் நடந்துவந்து, அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

"இப்ப மெதுவா இறக்குப்பா."

ஞானதுரையின் கை லீவரை மெல்லத் தள்ளியது.