கனேலாவின் பின்னல்

"இன்னிக்கும் பின்னிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஒதிலியா, லாய வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு. பெண்குதிரை கனேலாவின் பிடரியிலும் நெற்றிமுடியிலும் சின்னச் சின்னப் பின்னல்கள் தொங்கின.

"வாயை மூடு," என்று தங்கையை அதட்டினார் அர்செனியோ. "காத்துல சிக்கு விழுந்திருக்கு."

காற்று எங்கேயாவது பின்னல் போடுமா? இந்த மலைப்பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், இது துவெந்தேயின் வேலை என்று. பெரிய தொப்பி போட்ட அந்தக் குள்ளச் சாத்தான் ஒரு பெண்மேல் ஆசைப்பட்டால், அவள் வீட்டுக் குதிரைக்குத்தான் இரவில் பின்னிவிடுவான். அவளைக் கட்டிக்கொண்டு போகிறவன் வீட்டுக்கும் பின்னாலேயே போய்க் குடியைக் கெடுப்பான்.

அந்தப் பெண், அர்செனியோவின் மகள் நுபியா, பூட்டிய அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் திருமண ஓலை வாசித்தாயிற்று, சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை தோன் லிசார்தோவுக்கு அவள் அப்பா வயது.

இவர்கள் குடியிருக்கும் வீடும் காப்பித் தோட்டமும் அவருடையவை. அவர் பெண் கேட்டால் மறுத்துவிட்டு இங்கே யாரும் பிழைக்க முடியாது. ஓடிவிடாமல் பூட்டி வை என்றார், அப்பாவும் பூட்டிவிட்டார். அப்பா முகத்தைப் பார்த்தாலே நுபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அர்செனியோ கற்றாழைச் சாற்றையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து விரலில் எடுத்து, நுனியிலிருந்து மேலாகப் பின்னலைப் பிரித்தார். வேரில் சீப்பை வைத்து இழுத்தால் முடி அறுந்துவிடும்.

"துவெந்தே பின்னினா கொத்துக் கொத்தா பிய்ஞ்சு வரும்பாங்க. இதுல ஒரு முடிகூட அறலையே அண்ணா," என்றாள் ஒதிலியா. "நெத்திமுடி முன்னைவிட நல்லாதான் வளர்ந்திருக்கு. ரொம்பப் பிரியமா பின்றான் போல."

அந்த நேரம் பார்த்துத் தோன் லிசார்தோ குதிரையில் வந்து சேர்ந்தார். பாதி பிரித்த பின்னலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"உன் பொண்ணு வேலையா இது?"

"சாவி என் இடுப்புலயே இருக்குங்க. அவ எப்படி வெளிய வருவா?"

"அப்போ ஊர்ல பேசிக்கிறது நிஜந்தானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. நீங்க அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா, இந்தச் சனியன் எங்க வீட்டைவிட்டுத் தொலைஞ்சிடும்."

"தொலைஞ்சு எங்க வரும்?"

அர்செனியோ அடுத்த பின்னலில் எண்ணெயைத் தடவினார். தோன் லிசார்தோ கடிவாளத்தைத் திருப்பினார்.

"எனக்கும் வயசாயிடுச்சு, அர்செனியோ. பாதிரியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். உன்மேல வருத்தம் ஒண்ணுமில்ல, நீ பாட்டுக்கு வீட்டுல இரு."

அவர் போன கையோடு, செய்தி சொல்ல ஒதிலியா ஊருக்குள் ஓடினாள். அர்செனியோ வந்து பூட்டைத் திறந்தார். அறை விழும் என்று நுபியா கன்னத்தைப் பொத்திக்கொண்டே வெளியே வந்தாள்.

அறை விழவில்லை. அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"அந்தத் துவெந்தே மட்டும் எதிர்ல வந்தா, கட்டிப்பிடிச்சு ஒரு முத்தம் கொடுப்பேன்," என்றாள் வீம்பாக.

அர்செனியோ பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"முத்தம் அப்புறம் கொடு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, முதல்ல ஒரு காப்பி போடு."