கதைக்கு ஒரு புடி கொழுந்து

"வினோதா, இன்னிக்கு ஒனக்கு அரைப்பேர்தான்!"

தராசு பக்கத்துல நின்ன சுமன் கங்காணி போட்ட சத்தத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அரைப்பேர்னா அரை நாள் சம்பளம். வினோதாவுக்கு மொகம் வெளுத்துப்போச்சு.

"ஏங்க? எடை சரியாத்தானே இருக்கு?"

"அது எப்பிடின்னுதான் கேக்குறேன். நாள் பூரா போனை நோண்டிக்கிட்டு நிக்கிற. ஒரு கொழுந்து கிள்ளி நான் பாக்கல. கூடை மட்டும் எப்பிடி ரொம்புது? யார் கூடையில கைய வச்ச?"

சுமன் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் புதுசு. வந்த சூட்டுல எல்லாரையும் வெரட்டிக்கிட்டு இருந்தாரு. வினோதாவும் நல்லதண்ணிங்கிற ஊர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. பாவம், கண்ணு கலங்கிருச்சு.

அம்மாக்கண்ணு முன்னால வந்தா. கூட்டத்துலயே பெரிய வாய்க்காரி.

"யாரும் திருடலங்க. நாங்கதான் ஆளுக்கு ஒரு புடி போட்டோம். அவ கதை வாசிக்கிறா. அதுக்குக் கூலி."

"கதையா?"

வினோதா போனைக் காட்டினா. "இதுலயே பொஸ்தகம் படிக்கலாங்க. காதல் கதை, வேற உலகத்துக் கதை எல்லாம் இருக்கு. வெலையக் கொறைச்சுக் கழிவு வெலை போடுறப்போ ஒரு பிளேன்டீ காசுக்குக் கெடைக்கும்."

"அந்த வெலைக்குக் குப்பைதானே கெடைக்கும்?"

"முக்காவாசி குப்பைதாங்க. ஆனா மொத கொஞ்சப் பக்கம் ஓசியில குடுப்பாங்க. அதை இங்க வாசிச்சுக் காட்டுவேன். அம்மாக்கண்ணு அக்கா 'அப்புறம்?'னு கேட்டா வாங்குவேன். கேக்கலைன்னா விட்டுருவேன். அக்கா தீர்ப்பு இதுவரைக்கும் தப்பினதே இல்லீங்க."

"நல்லா இருக்கே நாயம்! நாளைக்கு நானே நின்னு கேக்குறேன். வெட்டிக் கதையா இருந்துச்சு, தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லி வேலையவிட்டே நிறுத்திருவேன்."

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில ஒரே பனி. நாலு செடி தள்ளி நிக்கிற ஆளே தெரியல. வினோதா கொரல் மட்டும் கேட்டுச்சு.

அந்தக் கதையில வர்ற உலகத்துல பேசுற பேச்சு காத்துல ரொம்ப மெதுவாத்தான் போகுமாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் மழைக்காலத்துல, "வந்துரு"ன்னு கூப்பிடுறான். இந்தப் பக்கம் இருக்கிறவ காதுல அது விழுறதுக்குள்ள வெயில் காலம் வந்துருது. அன்னிக்குத்தான் அவளுக்கு வேற எடத்துல பரிசம் போடுறாங்க.

பறிச்ச கையெல்லாம் அப்பிடியே நின்னுருச்சு.

"அப்புறம்?"

அம்மாக்கண்ணு கொரல் கணீர்னு வந்துச்சு. கையெல்லாம் மறுபடி ஓட ஆரம்பிச்சுச்சு. போறபோக்குல ஒவ்வொருத்தியா வினோதா கூடையில ஒரு புடி போட்டாங்க. அம்மாக்கண்ணு மட்டும் ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டா.

சுமன் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. கால்ல அட்டை ஏறி ரத்தம் குடிச்சதுகூடத் தெரியல. அடேயப்பா, ஒரு போனுக்குள்ள இத்தாம்பெரிய உலகமா! தெனம் பாக்குற மலையே அவருக்குப் புதுசாத் தெரிஞ்சுச்சு.

அன்னிக்குத் தராசுகிட்ட அவரே முந்திக்கிட்டுச் சொன்னாரு, "வினோதாவுக்கு முழுப்பேர்!"

வேலை முடிஞ்சு எல்லாரும் லயத்து வீடுகளுக்கு எறங்குனாங்க. சுமனுக்கு மனசு கேக்கல. பின்னாலயே ஓடுனாரு.

"அம்மாக்கண்ணு அக்கா! அந்தப் புள்ள ஆத்தைத் தாண்டிப் போயிருமா?"

அம்மாக்கண்ணு திரும்பல.

"அக்கா! ஒங்களத்தான்!"

அவ பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்தா.

"நேத்து பேசுனதுக்கு இன்னும் கோவமா?"

பின்னால வந்த மீனம்மா சிரிச்சுட்டா. "கோவம் இல்லீங்க. அவளுக்கு ரெண்டு காதும் கேக்காது. நேருக்கு நேர் பேசுனா வாயசைவப் பாத்துப் புரிஞ்சுக்குவா. வினோதாவுக்கு இது தெரியாது, சொல்லிறாதீங்க."

"வெளையாடுறீங்களா? சரியான எடத்துல 'அப்புறம்?'னு கேக்குறதே அவங்கதானே!"

"அது எங்க கையப் பாத்துக் கேக்குறதுங்க. கதை நல்லா இருந்தா எங்க கை தானா நின்னுருமில்ல?"

சுமன் அசந்துபோனாரு. "ஒரு வார்த்தை காதுல விழாதவங்க எதுக்கு எல்லாரையும்விட அள்ளி அள்ளிப் போடுறாங்க?"

மீனம்மா கொரல எறக்கினா.

"வினோதா வழுக்கி விழுந்து மணிக்கட்டு போச்சுங்க. இன்னும் கொழுந்து கிள்ள வராது. தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். சும்மா குடுத்தா வாங்குற புள்ளையும் இல்ல. 'கதை வாசி, கூலியா கொழுந்து தர்றோம்'னு மொதல்ல கேட்டதே அம்மாக்கண்ணுதாங்க."