எரிக்க வைத்த குச்சிகள்

போர்வையில் சுற்றிய நீளமான மூட்டையோடு வெர்ன் பின்கதவு வழியாக உள்ளே வந்தான். பொழுது விடிந்து வெகுநேரமாகியும் வெளியே பனிமூட்டம் கலையவில்லை. பூட்ஸ் முழுக்கச் சேறு, கன்னத்தில் முள்கம்பி கீறிய ரத்தம். டோரீன் கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மான் வேட்டை சீசன் முடிஞ்சு எத்தனை மாசமாச்சு? மாட்டினா துப்பாக்கியையும் சேர்த்துப் பிடுங்கிட்டுப் போவாங்க."

"மானும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃப்ரிட்ஜுல இடம் பண்ணு."

மூட்டைக்குள் இருந்தவை வெறும் குச்சிகள். பக்கத்துத் தோட்டத்து லீனோ கவாத்து செய்து, எரிப்பதற்காகக் குவித்து வைத்திருந்த திராட்சைக் குச்சிகள். எரியப்போகிற குப்பையை எவனாவது வேலி தாண்டித் திருடுவானா? வெர்ன் திருடினான், கேட்டு வாங்க வாய் இல்லாததால்.

ரெட்வுட் பள்ளத்தாக்கே கேபர்னே திராட்சைக்கு மாறியபோது, லீனோ மட்டும் தன் குடும்பத்துப் பழைய ரகமான சார்போனோவை விடவில்லை. அதில் செய்யும் ஒயின் கன்னங்கரேலென்று இருக்கும். 'பேனாவுக்கு ஊற்றுகிற மை' என்று கல்யாண வீடு, இழவு வீடு பார்க்காமல் முப்பது வருஷம் கேலி செய்தவன் வெர்ன். கடைசியில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

இப்போது எல்லாம் தலைகீழ். நகரத்து இளசுகளுக்குக் கேபர்னே என்றால் மாமனார் குடிக்கிற சரக்கு. வாயில் நுழையாத பெயராக இருந்தால்தான் கிளாஸையே தொடுகிறார்கள். வெர்னிடம் வருஷா வருஷம் கேபர்னே பழம் வாங்கிய கம்பெனி கைவிரித்துவிட, பாதி அறுவடை கொடியிலேயே வற்றியது. வெளியே சொன்னால் மானக்கேடு என்று அவன் மூச்சுவிடவில்லை.

அந்த நேரம் பார்த்து சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒயின் பார் நடத்தும் பெண் ஒருத்தி வந்தாள். லீனோவின் பழத்தில் செய்த பழைய ஒயின் ஒன்றைக் குடித்துக் கிறங்கிப்போயிருந்தாள். யார் சார்போனோ வைத்திருந்தாலும் பத்து வருஷ ஒப்பந்தம் போடத் தயாராம். லீனோ அவள் போனையே எடுப்பதில்லையாம். எல்லாம் திமிர் என்று நினைத்துக்கொண்டான் வெர்ன்.

"நிலம் நம்ம கையில நிக்கணும்னா, இந்தக் குச்சிய நம்ம கொடியில ஒட்டுறது ஒண்ணுதான் வழி, டோரீன்."

அவள் பீர் பாட்டில்களை ஒதுக்கி, குச்சிகள் காயாமலிருக்க ஈரச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்தாள். "இலை இல்லாத குச்சி எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. இது சார்போனோதான்னு எப்படித் தெரியும்?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் அவன்கிட்ட வேற என்ன இருக்கு? பகட்டுக்கு, தண்டுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் வேற அடிச்சு வச்சிருக்கான். பட்டணத்துக்காரங்க ஃபோட்டோ எடுக்க வருவாங்கல்ல."

அந்த வாரம் முழுக்கப் பனி. வெர்ன் ஒரு நாள் விடாமல் போய்வந்தான்.

ஏப்ரலில், நிலத்தை அடகு வைத்து, ஒட்டுக் கட்டும் ஆட்களை வரவழைத்தான். கேபர்னே கொடிகள் அத்தனையையும் முழங்கால் உயரத்தில் ரம்பத்தால் அறுத்தார்கள். வெட்டிய இடத்தில் திருடிய குச்சியைச் செருகிக் கட்டினார்கள். கடைசியில், தண்டு வெயிலில் வெந்துவிடாமலிருக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். வாழ்நாளில் ஒட்டுக் கட்டியே பார்த்திராத வெர்னுக்கு அதைக் கண்டதும் லீனோவின் வெள்ளைத் தண்டுகள் நினைவுக்கு வந்தன. அவனும் வெயிலுக்குத்தான் அடித்திருப்பான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மே கடைசியில் இலை விரிந்தது. ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தான். மடல்களுக்கு நடுவே முகமூடி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கேபர்னே இலை. பெற்ற பிள்ளையைப் போல அவனுக்குப் பழகிய முகம்.

ஒட்டுப் பிடிக்காமல் பழைய தண்டே துளிர்த்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். இல்லை, துளிர் வந்தது செருகிய குச்சியிலிருந்துதான். அடுத்த கொடியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

வேலியோரம் யாரோ செருமினார்கள். லீனோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கூச்சத்தில் அவன் பார்வை தன் பூட்ஸை விட்டு எழவே இல்லை.

"நமக்குள்ள பேச்சு இல்லதான் வெர்ன். ஆனா ஒரு உதவி பண்ணேன். கொடிய அறுத்து மறுபடியும் கேபர்னேவே ஒட்டியிருக்கியே, அதை வாங்கற கம்பெனிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு."

"உன்கிட்ட ஏது கேபர்னே?"

"நீ கேலி பண்ணிப் பண்ணி எனக்கே வெறுத்துப்போச்சு. போன வருஷம் சார்போனோவ ஒண்ணு விடாம அறுத்துட்டு, கேபர்னே ஒட்டிட்டேன். இப்பப் போய் அந்தப் பட்டணத்துப் பொண்ணு போன் மேல போன் போடுது. எந்த முகத்தோட எடுக்கறது?"

வெர்ன் கையிலிருந்த இலை நழுவியது. "குச்சி... குச்சிக்கு எங்க போன?"

லீனோவின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"உன் குப்பைக் குவியல்லதான் திருடினேன்."